கேஜிஎஃப் 'சயனைடு மலை'யில் மறுபடியும் தங்கம்: சுரங்கத்தில் ரசாயனம், வெடிமருந்து, மின்சாரத்துக்கு யார் பொறுப்பு?

கேஜிஎஃப் என்றாலே நம்மில் பலருக்கு ராக்கி பாயும், 'தங்கலான்' விக்ரமும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் பெங்களூருவில் இருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கும் அந்த ஊருக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது வேற ஒன்று. லைன் வீடுகளுக்குப் பின்னால், பெரும்பாலும் செடி கொடி இல்லாமல் வெளிறிப் போய் நிற்கும் பெரிய பெரிய மண் மேடுகள். ஊர்க்காரர்கள் அதுக்கு வைத்த பெயர் 'சயனைடு மலை'.

இந்த மேடுகளை மறுபடியும் தோண்டி, மிச்சம் இருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கலாம் என்பது மத்திய அரசின் திட்டம். 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 13 மேடுகள், சுமார் 1,003 ஏக்கர், ஏறத்தாழ 3.3 கோடி டன் மண்.

தங்கம் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று ஒரு பக்கம் எதிர்பார்ப்பு. இன்னொரு பக்கம் ஒரு கேள்வி இருக்கு. 2001-ல் சுரங்கத்தை மூடும்போது விட்டுப்போன ரசாயனக் கழிவை 20 வருஷத்துக்கு மேல் யாரும் முழுசாகப் பொறுப்பேற்கவில்லை. இப்போ அதே மண்ணைக் கிளறினால் என்ன ஆகும்?

இதைப் புரிஞ்சுக்கணும்னா, ஒரு சுரங்கத்துக்குள் என்னென்ன ஆபத்தான பொருள்கள் போகுது, அதை எப்படிக் கையாளணும், எங்கே கோட்டை விடுறாங்க என்று பார்க்கணும். விரிவாகப் பார்ப்போம்.

தங்கத்துக்கும் சயனைடுக்கும் என்ன சம்பந்தம்?

பாறையில் தங்கம் கட்டியாக இருக்காது. கண்ணுக்கே தெரியாத துகளாகக் கலந்திருக்கும். கேஜிஎஃப்-ல் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சுமார் 3 கிராம் தங்கம் கிடைத்தது. ஒரு மோதிரத்துக்கு ஒரு டன் பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துகளைப் பிரிக்க, பாறையை மாவு மாதிரி அரைத்து, தண்ணீரில் கரைத்து, அதில் சோடியம் சயனைடு சேர்ப்பார்கள். சயனைடு, காற்றில் இருக்கும் ஆக்சிஜன் துணையோடு தங்கத்தைக் கரைத்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். அந்தத் தண்ணீரில் இருந்து தங்கத்தைத் தனியாக எடுப்பார்கள். 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறை இது. கொஞ்ச வருஷத்திலேயே கோலாருக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான தங்கச் சுரங்கங்கள் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. கர்நாடகாவின் ராய்ச்சூர் மாவட்டத்தில் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் ஹட்டி சுரங்கமும் அப்படித்தான்.

தங்கம் போக மிச்சம் இருக்கிற சேற்று மாவுதான் கழிவு. 120 வருஷத்தில் கேஜிஎஃப் கொடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். அதுக்காக வெளியே கொட்டிய மண்தான் இந்த மலைகள்.

சயனைடைத் தொட்டாலே சாவா?

சினிமாவில் காட்டுவது மாதிரி இல்லை. சுரங்கத்தில் பயன்படும் கரைசல் ரொம்ப நீர்த்தது. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்குச் சில நூறு கிராம் அளவுதான். உண்மையான ஆபத்து எங்கே இருக்கு என்றால், அந்தக் கரைசலின் காரத்தன்மை குறையும் இடத்தில்.

பள்ளிக்கூடத்தில் படித்த பி.எச். அளவு ஞாபகம் இருக்கா? சயனைடு கரைசலின் பி.எச். 10-க்கு மேலே இருக்கிற வரைக்கும் சயனைடு தண்ணீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அதுக்காகத்தான் தொட்டியில் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருப்பார்கள். பி.எச். 9 பக்கம் இறங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாக மாறி வெளியே வர ஆரம்பிக்கும். இந்த வாயு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிற சமாசாரம். அதாவது நம்ம ஊர் சாதாரண வெயிலே போதும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்பார்கள். ஆனால் அந்த வாசனையே தெரியாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அது பிறப்பிலேயே வரும் குறை. அதனால் மூக்கை நம்பி வேலை பார்க்கக் கூடாது, வாயு அளக்கும் கருவிதான் வேணும்.

ஆக, சயனைடைப் பொறுப்பாகக் கையாள்வது என்றால் பாதி வேலை சுண்ணாம்பு விஷயம்தான். அமிலம் வைக்கும் அறையும் சயனைடு வைக்கும் அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கட்டியாக வரும் சயனைடு நனையக் கூடாது. பூட்டிய, காற்றோட்டமான அறையில் இருக்கணும். கெட்டியான கரைசலில் சிவப்புச் சாயம் கலக்கும் வழக்கமும் உண்டு. குழாயில் கசிந்தால், அது வெறும் தண்ணீரா, சயனைடா என்று பார்த்தவுடனே தெரிஞ்சுடும். ரொம்ப எளிமையான யோசனை, ஆனால் உயிரைக் காப்பாற்றும்.

யாராவது பாதிக்கப்பட்டால்? வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கக் கூடாது, கொடுப்பவரும் சேர்ந்து விழுவார். ஆக்சிஜன் சிலிண்டரும் மாற்று மருந்தும் ஆலையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். அந்த மருந்துகளில் ஒன்று வைட்டமின் பி12-ன் ஒரு வடிவமான ஹைட்ராக்ஸோகோபாலமின். சயனைடு வேலை செய்வது நிமிடக் கணக்கில் என்பதால், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

ருமேனியாவில் ஒரே ராத்திரியில் நடந்தது

இந்த விதிகளை உலகம் சும்மா எழுதவில்லை. 2000-ம் ஆண்டு ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பையா மாரே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. பனி உருகி, மழையும் சேர்ந்து, குளம் நிரம்பி வழிந்ததுதான் காரணம். சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு கலந்த தண்ணீர் வெளியேறி, கிளை ஆறுகள் வழியாக ஹங்கேரியின் டிஸா ஆற்றுக்கும், அங்கிருந்து டான்யூப் ஆற்றுக்கும் போனது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன்கள் செத்து மிதந்தன. பல ஊர்களில் குடிநீரை நிறுத்த வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அந்த ஆலையும் பழைய கழிவு மேடுகளைத் தோண்டி, அதில் இருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கத்தான் அமைக்கப்பட்டது. அதாவது கேஜிஎஃப்-ல் இப்போ யோசிக்கிற அதே வேலை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உள்ளிட்டவை கூடிப் பேசி, சர்வதேச சயனைடு மேலாண்மை விதித்தொகுப்பு உருவானது. தயாரிக்கும் தொழிற்சாலை, ஏற்றி வரும் லாரி, சுரங்கத்துக் கிடங்கு, தொட்டி, கழிவுக் குளம், கடைசியில் ஆலையை மூடுவது வரை எல்லாத்துக்கும் அதில் தனித்தனி விதி உண்டு. திறந்த குளத்தில் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதில் பிரபலமான ஒரு அளவு. பறவைகள் வந்து குடித்தால் சாகாமல் இருப்பதற்காக வைத்தது. ஆனால் ஒரு கொக்கி: இது நிறுவனங்கள் தாங்களாக விரும்பிச் சேரும் ஏற்பாடு. சேரலைன்னா தண்டனை எதுவும் கிடையாது.

வெடிமருந்து: ஆபத்து குழியைவிட கிடங்கில்

சயனைடு முக்கியமாகத் தங்கச் சுரங்கத்துச் சமாசாரம். ஆனால் வெடிமருந்து இல்லாத பாறைச் சுரங்கம் கிடையாது. நம்ம ஊர் கல்குவாரியும் அதில் சேர்த்தி.

இன்றைக்குச் சுரங்க வெடிகளில் முக்கியமான பொருள் அம்மோனியம் நைட்ரேட். 94 பங்கு அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 6 பங்கு டீசல், இவ்வளவுதான் அடிப்படைக் கலவை. தனியாக இருந்தால் ஓரளவு அமைதியான உப்பு. அசுத்தம் கலந்தாலோ, அடைத்து வைத்த இடத்தில் தீப்பிடித்தாலோ கதையே வேற. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் தலைநகர் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது, பல வருஷமாகக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்தான். 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த கையோடு சென்னையும் திடுக்கிட்டது. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் அஞ்சு வருஷமாக இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது. ஏலம் முடிந்து, அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரிகளில் அனுப்பினார்கள். பெய்ரூட்டில் அப்படி நடக்காமல் போயிருந்தால் அது இன்னும் எத்தனை நாள் அங்கேயே கிடந்திருக்குமோ!

பயன்படுத்தும்போது வரும் விபத்தைவிட, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைத்திருக்கும்போது வரும் விபத்துதான் பெரிசாக இருக்கு. 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி பக்கத்தில் கல்குவாரி ஒன்றின் வெடிமருந்து அறை வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததும் இந்த வகைதான்.

விதி என்ன சொல்லுது? நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு உரிமம் கொடுத்தால்தான் கிடங்கே வைக்க முடியும். வெடிமருந்தையும், அதைத் தூண்டிவிடும் டெட்டனேட்டரையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது, ஒரே பெட்டியில் கொண்டு போகவும் கூடாது. எவ்வளவு வந்தது, எவ்வளவு குழியில் போனது, எவ்வளவு மிச்சம் என்று கணக்கு இருக்கணும். மிச்சம் கிடங்குக்குத் திரும்பணும், தொழிலாளியின் கொட்டகைக்குப் போகக் கூடாது.

குழியில் வைத்த மருந்து வெடிக்காமல் போவதும் உண்டு. அனுபவசாலிகள் ரொம்பப் பயப்படுவது இதுக்குத்தான். உடனே போய்ப் பார்க்கக் கூடாது. அதே குழியில் மறுபடி துளை போடவே கூடாது. கொஞ்சம் தள்ளி, இணையாக வேற துளை போட்டு அதை வெடிக்க வைத்துத்தான் பழையதைச் செயலிழக்க வைக்கணும். அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு அந்த இடத்தைக் காட்டி, எழுத்தில் ஒப்படைக்கணும். ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்லிவிட்டுப் போவதில்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

குடியிருப்புகளில் இருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊர்க் குவாரி எத்தனை மீட்டரில் இருக்கு என்று மொபைல் மேப்பிலேயே அளந்து பார்க்கலாம்.

'ஆற்றல்' எப்படி ஆபத்தான பொருள் ஆகும்?

சுரங்கப் பாதுகாப்பில் ரசாயனத்துக்குச் சமமாகப் பேசப்படும் இன்னொரு விஷயம் ஆற்றல், அதாவது எனர்ஜி. எங்கேயோ தேங்கி நிற்கிற ஆற்றல் திடீர்னு விடுபட்டால் விபத்து. மின்சாரம், அழுத்தம் ஏற்றிய காற்று, உயரத்தில் தொங்கும் கூண்டு, சுத்திக்கொண்டிருக்கும் கன்வேயர் பெல்ட் எல்லாமே இதில் அடக்கம்.

கேஜிஎஃப்-க்கும் மின்சாரத்துக்கும் பழைய பந்தம். 1902-ல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தில் இருந்து சுமார் 147 கி.மீ. தூரத்துக்குக் கம்பி இழுத்து, கோலார் சுரங்கங்களுக்குத்தான் முதலில் கரன்ட் கொண்டு வந்தார்கள். பெங்களூரு தெருவிளக்குகளுக்கே 1905-ல்தான் மின்சாரம் வந்தது. காரணம் ஆடம்பரம் இல்லை. சுரங்கம் கடைசியில் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம் போனது. அவ்வளவு கீழே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். காற்றை உள்ளே தள்ளணும், தண்ணீரை வெளியே இறைக்கணும், ஆட்களை ஏற்றி இறக்கணும். கரன்ட் போனால் இந்த மூன்றும் நின்றுவிடும்.

ஆழம் கூடக் கூட, பாறைக்குள்ளேயே ஆற்றல் சேர்ந்திருக்கும். மேலே இருக்கும் எடை அழுத்திக்கொண்டே இருக்க, நாம் குடைந்து வெற்றிடம் உண்டாக்கியதும், ஒரு நாள் சுவர் பாறை குண்டு போட்ட மாதிரி வெடித்துச் சிதறும். இதைப் பாறை வெடிப்பு என்பார்கள். கோலார் இதுக்கு உலகப் புகழ். 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் கேஜிஎஃப்-லேயே தொடங்கப்பட்டது இந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான்.

இயந்திரங்களில் தேங்கும் ஆற்றலுக்கு உலகம் முழுக்க ஒரே மருந்து, பூட்டு. பெல்ட்டையோ, அரவை இயந்திரத்தையோ பழுது பார்க்கப் போகிறவர், மின் இணைப்பைத் துண்டித்து, அந்த ஸ்விட்ச்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டணும். சாவி அவர் சட்டைப் பையில். நாலு பேர் வேலை பார்த்தால் நாலு பூட்டு. நாலும் திறந்தால்தான் இயந்திரம் ஓடும். அதோடு முடியாது. ஸ்விட்ச் அணைத்தும் குழாயில் அழுத்தம் மிச்சம் இருக்கும், தூக்கி வைத்த பாரம் தூக்கியபடியே இருக்கும். அதையும் இறக்கிவிட்டு, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கை வைக்கணும். 'ரெண்டு நிமிஷ வேலைதானே' என்று பூட்டு போடாமல் உள்ளே கை விடும் இடத்தில்தான் கை போகிறது.

நெய்வேலியில் மோட்டார் நிற்காதது ஏன்?

தமிழ்நாட்டுக்குள் இதுக்கு நல்ல உதாரணம் நெய்வேலி. அங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் நிறைந்த நிலத்தடி நீர் இருக்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல் நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் மண்ணை அகற்றியதும் அந்தத் தண்ணீரை அமுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. சும்மா விட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அதனால் ராட்சத மோட்டார்கள் ராப்பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கின்றன.

சுற்றுவட்டாரத்தில் கிணறு வற்றிப்போச்சு என்று விவசாயிகள் புகார் சொல்வதும் இந்த இறைப்பைச் சுட்டித்தான். சுரங்கத்துக்குள் பாதுகாப்பு நடவடிக்கை, வெளியே ஊருக்குச் சுமை. ரெண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'பொறுப்பு' என்று எதைச் சொல்வது?

பயன்பாட்டில் இல்லாத அணையும் கொல்லும்

2019 ஜனவரி 25, பிரேசிலின் புருமாடினோ. இரும்புத் தாதுச் சுரங்கம் ஒன்றின் கழிவு அணை மதிய நேரத்தில் உடைந்தது. அணைக்கு நேர் கீழேதான் நிறுவனத்தின் அலுவலகமும் கேன்டீனும் இருந்தன. 270 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை பார்த்தவர்கள்.

இந்த அணையில் 2016-க்குப் பிறகு புதுக் கழிவு எதுவும் கொட்டப்படவில்லை. ஸ்திரமாக இருப்பதாகச் சான்றிதழும் இருந்தது. ஆனால் உள்ளே ஊறிய சேறு, வெளியே திடப்பொருள் மாதிரி தெரிந்தாலும், ஒரு கட்டத்தில் நொடிகளில் திரவமாக மாறி ஓடிவிட்டது. விஷ ரசாயனம் எதுவும் தேவைப்படவில்லை. உயரத்தில் நின்ற ஈர மண்ணின் எடையே போதுமானதாக இருந்தது. எச்சரிக்கை சைரனும் ஒலிக்கவில்லை.

இதுக்குப் பிறகு 2020-ல் கழிவு அணைகளுக்கான சர்வதேசத் தரநிலை வந்தது. ஒவ்வொரு அணைக்கும் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பாளராக இருக்கணும் என்கிறது அது. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண நிபந்தனைதான். ஆனால் மணலி, பெய்ரூட் எல்லாவற்றிலும் இல்லாமல் போனது இதுதானே? பொருள் இருந்தது, கடிதப் போக்குவரத்து இருந்தது, 'இது என் பொறுப்பு' என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

கேஜிஎஃப்: 2001-ல் பூட்டு, 2003-ல் விதி

இப்போ மறுபடி கோலாருக்கு வருவோம். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்ததில் இருந்து, வட ஆற்காடு, சேலம் பக்கத்தில் இருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் போய் இறங்கிய ஊர் அது. இன்றைக்கும் உரிகம், மாரிக்குப்பம், ராபர்ட்சன்பேட்டை என்று எங்கே போனாலும் தமிழ் கேட்கும்.

அவர்கள் சுமந்த ஆபத்தில் முதலிடம் தூசிக்குத்தான். பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாகப் பதிவானதே 1934-ல் கோலாரில்தான். 1940-களில் நடந்த ஆய்வில், பரிசோதித்த தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்த நோய் இருந்தது. துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி பெரிய அளவு குறையும், அதுதான் தடுப்பு வழி. குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. வேலை போனதும், நிவாரணத்துக்கு அலைந்ததும் பலரும் அறிந்த கதை. அதிகம் பேசாத பகுதி, இறைப்பு நின்றதும் சுரங்கம் தண்ணீரால் நிரம்பியது. மேலே கழிவு மேடுகள் அப்படியே நின்றன.

சுரங்கத்தை மூடும்போது என்ன செய்யணும், கழிவை எப்படிப் பாதுகாக்கணும், அதுக்குப் பணம் எங்கே என்று திட்டம் கொடுக்கணும் என்ற விதி இந்தியாவில் வந்தது 2003 ஏப்ரலில். சுரங்கம் மூடி ரெண்டு வருஷம் கழித்து! நிறுவனங்கள் பிணையாகக் கட்ட வேண்டிய தொகை பெரிய சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் என்று ஆரம்பித்து, 2017 விதிகளில் 3 லட்சமானது. கோலார் மேடுகளின் 1,003 ஏக்கருக்கு இந்த 3 லட்சக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலும் 12 கோடி ரூபாய் சொச்சம்தான் வரும். 3.3 கோடி டன் மண்ணுக்கு, டன்னுக்கு நாலு ரூபாய்கூட இல்லை.

பெயர் 'சயனைடு மலை' என்றாலும், மேற்பரப்பில் இருந்த சயனைடை வெயிலும் காற்றும் காலப்போக்கில் சிதைத்துவிடும். இது சயனைடின் நல்ல குணம். சிதையாமல் இருப்பது மாவு போன்ற சிலிக்காத் தூசியும், பாறையோடு வந்த உலோகங்களும். காற்றடிக்கும் மாதங்களில் தூசி வீட்டுக்குள் வருவதாக மக்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியே பார்க்காத குழந்தைகள் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான்.

இப்போ தோண்டினால் நல்லதா, கெட்டதா?

நேர்மையாகச் சொன்னால், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. மேடுகளை அப்படியே விட்டால் தூசி தொடரும். தங்கம் எடுக்கும் சாக்கில் அவற்றை அப்புறப்படுத்தி, மூடி, மரம் வளர்த்தால் ஊருக்கு நிம்மதி. செலவுக்குத் தங்கமே பணம் தரும்.

ஆனால் ஒரு எளிய கணக்கு. இந்த மேடுகளில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தங்கம் கிடையாது. அதாவது, உள்ளே போகும் 3.3 கோடி டன்னில், தங்கத்தை எடுத்த பிறகும் கிட்டத்தட்ட 3.3 கோடி டன் மண் அப்படியே திரும்பி வரும். இந்தத் தடவை ஈரமாக, புதுசாகச் சேர்த்த சயனைடோடு. உலர்ந்து கிடக்கும் மேட்டைவிட ஈரக் கழிவுக் குளம் ஆபத்து அதிகம் என்பதற்குப் பையா மாரேவும் புருமாடினோவும் சாட்சி.

தடுக்க வழி இல்லாமல் இல்லை. ஆலையில் இருந்து வெளியேறும் முன்பே கழிவில் இருக்கும் சயனைடை ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் சிதைத்துவிடலாம். தண்ணீரைப் பிழிந்தெடுத்து, உலர்ந்த கட்டியாக அடுக்கலாம். குளமே தேவைப்படாது. தோண்டும் இடத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு பகுதி முடிந்ததும் மூடி, அடுத்ததுக்குப் போகலாம். எல்லாத்துக்கும் செலவு கூடும். ஏல ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் எந்த நிறுவனமும் அந்தச் செலவைச் செய்யும்.

அதனால் ஏல ஆவணம் வரும்போது, எவ்வளவு தங்கம், எத்தனை கோடி என்பதுதான் தலைப்புச் செய்தியாக ஓடும். கேஜிஎஃப்-ல் குடியிருப்பவர்களும், அங்கே சொந்தக்காரர்கள் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களும் தேட வேண்டிய பக்கங்கள் வேற. புதுக் கழிவு எந்த சர்வே எண்ணில் கொட்டப்படும், வீடுகளில் இருந்து எத்தனை மீட்டர், காற்றில் தூசியை யார் அளந்து எங்கே வெளியிடுவார்கள், வேலை முடிந்து நிறுவனம் கிளம்பிய பிறகு பராமரிப்புப் பணம் யார் கணக்கில் இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அதில் பேச உள்ளூர் மக்களுக்கு உரிமை உண்டு. எழுத்துப்பூர்வமாகவும் கொடுக்கலாம். அங்கே சொல்லும் ஆட்சேபணைகள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியாக வேண்டும்.